ஆலையும் ஆடுகளமும்

ஒரு நாட்டில் தோன்றிய பொருள் மற்றொரு நாட்டிற் சென்று வேரூன்றுதல் உலக இயற்கை. மிளகாய் அமெரிக்க மண்ணில் விளைந்தது. போர்ச்சுகீசியர் கலத்தில் ஏறி இந்நாட்டை அடைந்தது. இன்று மிளகாய் இல்லாத தமிழர் அடுக்களை இல்லை; அதனை அயற்பொருள் என்று கருதுவாரும் இல்லை. பயிருக்கு நேர்ந்தது ஆட்டத்துக்கும் நேர்வதுண்டு. விதை எங்கிருந்து வந்தது என்பதினும், வந்த விதைக்கு நிலமும் நீரும் காவலும் தந்தவர் யாவர் என்பதே எண்ணத்தக்கது. வடசென்னையில், பெரம்பூரிலும் அதனை அடுத்துள்ள வியாசர்பாடியிலும் கால்பந்தாட்டம் வேர்கொண்ட வரலாறு இவ்வுண்மைக்கு ஏற்ற சான்றாகும்.

பந்து தமிழர்க்குப் புதியதன்று. மகளிர் பந்தாடி மகிழ்ந்த செய்தி சங்கச் செய்யுட்களில் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அமைந்த கந்துகவரி, பந்தாடும் மகளிர் பாடும் வரிப்பாட்டேயாகும். ஆயினும் அது கையாற் புடைத்து ஆடும் ஆட்டம். அணிக்குப் பதினொருவராக இரண்டு அணியினர் எதிரெதிர் நின்று, பந்தைக் காலால் உதைத்து எதிரணியின் கோலுக்குள் செலுத்தும் ஆட்டம் இங்கிலாந்தில் வரையறை பெற்றது. 1863-ஆம் ஆண்டில் கழகங்கள் பல இலண்டன் மாநகரிற் கூடிச் சங்கம் ஒன்றை அமைத்து, ஆட்ட விதிகளை எழுதின. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாமா, ஆகாதா என்பது அப்போது பெரிய வழக்காக எழுந்தது. ஆகாது என்றோர் வளர்த்தது கால்பந்து. ஆகும் என்றோர் பிரிந்து சென்று வளர்த்தது ரக்பி. அந்த ரக்பி அமெரிக்காவை அடைந்து உருமாறி, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆயிற்று. பெயர் கால்பந்தாயினும் அதில் கைக்கே வேலை மிகுதி.

இந்த அமெரிக்க ஆட்டமும் ஒரு காலத்தில் கடல் கடந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஜெர்மனி நாட்டில் அமெரிக்கப் படையினர் பல்லாண்டு தங்கியிருந்தனர். தம் பாசறைகளில் அவர்கள் தம் நாட்டு ஆட்டத்தை ஆடினர். வேலிக்கு வெளியே நின்ற ஜெர்மானிய இளைஞர்க்கு அது நெடுங்காலம் வேடிக்கையாகவே இருந்தது. 1977-ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட்டு நகரில் ‘சிங்கங்கள்’ என்னும் பெயரால் முதற் கழகம் தோன்றியது. 1979-இல் நடந்த முதல் தேசியப் போட்டியில் அக்கழகமே வாகை சூடியது. படைவீரர் ஆடியவரை அது விருந்தினர் ஆட்டம். கழகம் தோன்றிய பின்னரே அது அவ்வூரார் ஆட்டமாயிற்று. ஆட்டத்தைக் கொண்டுவருவது ஒருவர் செயலாகலாம். அதனை நிலைபெறச் செய்வது கழகம் என்னும் கூட்டுறவே.

பிராங்க்பர்ட்டு நகருக்கு ஆட்டத்தைக் கொணர்ந்தது படைப் பாசறை என்றால், பெரம்பூருக்கு அதனைக் கொணர்ந்தது இருப்புப்பாதை எனலாம். 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னாட்டின் முதற் புகைவண்டி புறப்பட்டது. அவ்வாண்டிலேயே பெரம்பூரில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறையும் எழுந்தது. எந்திரம் அறிந்த ஆங்கிலேயரும் ஆங்கிலோ இந்தியரும் பெரம்பூரில் வந்து குடியேறினர். அவர்கள் மாலைப் பொழுதில் வளைகோற்பந்தும் கால்பந்தும் ஆடினர். அவர்களோடு பட்டறையிற் சம்மட்டி பிடித்த தமிழர், முதலில் வேலி ஓரத்தில் நின்று பார்த்தனர். பின்னர்த் தாமும் களத்தில் இறங்கினர்.

வெள்ளையர் ஆட்டத்தில் வெள்ளையரை வெல்லுதல் கூடுமா என்னும் ஐயத்துக்கு வங்கநாடு விடை கூறியது. 1911-ஆம் ஆண்டு கல்கத்தாவில், மோகன் பகான் கழகத்தார் கிழக்கு யார்க்சயர்ப் படையணியை 2-1 என்னும் கணக்கில் வென்று கேடயம் பெற்றனர். அவ்வணியில் ஒருவர் தவிர ஏனையோர் வெறுங்காலோடு ஆடியவர். 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், விடுதலை பெற்ற இந்தியாவின் அணி பிரான்சு நாட்டை எதிர்த்தது. அப்போதும் பலர் கால்களில் காலணி இல்லை. இந்தியா 1-2 எனத் தோற்றது. ஆயினும் அந்த ஒரு கோலை அடித்துச் சமன் செய்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. ஏழையின் காலும் உலக அரங்கேறும் என்பதை இவை காட்டின.

ஆனால், ஆடுவதற்குக் கால் மட்டும் போதாது, காலம் வேண்டும். பெரம்பூரின் மற்றொரு பெருந்தொழில் நெசவு. பக்கிங்காம் ஆலை 1870-களிலும், கருநாடக ஆலை 1880-களிலும் தோன்றின. 1920-இல் இரண்டும் ஒன்றாயின. விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும்; சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் விரைந்து செல்வர்; இருட்டிய பின்னர்த் திரும்புவர். இரவும் உறக்கமும் ஒழிந்த பொழுதெல்லாம் தறிக்கே உரியதானால், திடலில் நிற்பது எப்போது? 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், இந்த ஆலைத் தொழிலாளர்க்கெனச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி. பி. வாடியா தலைவராக இருந்தார், தமிழ்த்தென்றல் திரு. வி. க. அதற்குத் தோள் கொடுத்தார். இந்தியாவில் ஒழுங்குற அமைந்த தொழிற்சங்கங்களுள் இதனையே முதலாவதாகப் போற்றுவர்.

நாடெங்கும் தொழிலாளர் எழுப்பிய குரல் வீண் போகவில்லை. 1922-இல் வார வேலை நேரம் 60 மணிக்கு மேற்படலாகாது என்று சட்டம் பிறந்தது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 54 ஆக்கியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 48 மணி என வரையறுத்தது. இவை வெறும் எண்கள் அல்ல. அறுபது நாற்பத்தெட்டானபோது தொழிலாளிக்கு வாரத்தில் 12 மணி நேரம் கிடைத்தது. அதில் ஒரு பகுதியை அவன் பிள்ளைகளோடு கழித்தான். ஒரு பகுதியைப் படிப்பகத்தில் கழித்தான். ஒரு பகுதியைத் திடலில் கழித்தான். இந்நாளில் மாலை வெயிலில் பந்தாடும் சிறுவன், அந்தப் பொழுதின் உரிமைக்கு முன்னோர் உழைத்ததை அறிதல் நன்று.

காலம் கிடைத்தது, அடுத்து வேண்டியது ஆதரவு. இருப்புப்பாதைத் துறையினர் தம் பணியாளரின் விளையாட்டைப் பேணுவதற்கென 1928-ஆம் ஆண்டிலேயே வாரியம் ஒன்றை அமைத்திருந்தனர். அத்துறையின் அணி, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை 1960-களில் மூன்று முறை வென்றது. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலையைத் தலைமை அமைச்சர் நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் துணையால் எழுந்த அதனை மக்கள் ஐ.சி.எப். என்றே வழங்குவர். எஃகைத் தகடாக வளைத்துப் பெட்டி செய்யும் கூடங்களைச் சூழ்ந்து குடியிருப்பும் பள்ளியும் மருத்துவமனையும் ஆடுகளமும் அமைந்தன. தொழிற்சாலைக்கெனக் கால்பந்து அணியும் உண்டாயிற்று. தெற்கு ரெயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை முதலிய அணிகளோடு அது சென்னை லீக் போட்டிகளில் ஆடி வந்தது.

இவ்வணிகளால் விளைந்த நன்மை கோப்பைகளில் அடங்குவதன்று. திறமையாக ஆடுவோர்க்கு இந்நிறுவனங்கள் வேலை கொடுத்தன. ‘பந்து சோறு போடுமா?’ என்று தாய் கேட்பது இயல்பு. வியாசர்பாடித் தெருவில் ஒருவன் பந்தாடியே பணியிற் சேர்ந்து, திங்கள்தோறும் சம்பளம் கொண்டுவந்தபோது, அத்தாய்க்கு விடை கிடைத்தது. அவன் ஒருவன் பெற்ற வேலை, அத்தெருவில் நூறு சிறுவர் வைகறையில் எழுவதற்குக் காரணமாயிற்று. ஆட்டத்துக்கும் அடுப்புக்கும் உள்ள உறவை இப்பகுதியினர் நன்கு அறிவர்.

நல்ல காலம் என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 1990-களில் அந்தப் பெரிய நெசவாலை மூடப்பட்டது. சங்கொலி அடங்கியது. தந்தையர்க்கு நிலையான வேலை போனபோது, பிள்ளைகள் பலர் பள்ளியை விட்டுக் கூலிக்குச் சென்றனர். வேலையும் படிப்பும் இல்லாத இளமைக்குத் தீய வழி எளிதிற் புலப்படும். வியாசர்பாடி என்றாலே அடிதடி என்று வெளியூரார் பேசும் பழிச்சொல்லும் வளர்ந்தது. ஊர்ப்பெயரைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர் அஞ்சும் நிலையும் உண்டாயிற்று.

அந்நிலையில், 1997-ஆம் ஆண்டில், அப்பகுதியில் கால்பந்து பயின்ற சிலர் கூடி, குடிசைப் பகுதிச் சிறுவரின் விளையாட்டுத் திறனையும் கல்வியையும் வளர்ப்பதற்கெனச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். பெயரிலேயே விளையாட்டும் கல்வியும் இணைந்து நிற்பதைக் காண்க. பயிற்சிக்கு வரும் சிறுவன் பள்ளிக்கும் செல்ல வேண்டும். பந்தும் பாடமும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட நெறி. அறிவுரைக்குச் செவிசாயாத சிறுவனும் பந்துக்காக வருவான். வந்தவனைப் புத்தகத்தின் பக்கம் திருப்புதல் எளிது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அவ்வுழைப்பு பயன் தந்தது. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் நடுக்கள வீரராக உயர்ந்து, 2017-18 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் பட்டத்தை வென்ற சென்னையின் எப்.சி. அணியில் இடம்பெற்றார், இந்திய நாட்டு அணியிலும் ஆடினார். ஊர்ப்பெயர் பழிச்சொல்லாக இருந்த நிலை மாறி, செய்தித்தாள்களில் பாராட்டோடு அச்சாயிற்று. மைந்தரோடு மகளிரும் இன்று களத்தில் ஓடுகின்றனர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2017-18-இலும் 2022-23-இலும் தேசியப் பட்டத்தை வென்றது. கந்துகவரி பாடிய நாட்டில் பந்து மீண்டும் பெண்களிடம் வந்து சேர்ந்தது எனல் பொருந்தும்.

இனி, இவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. கால்பந்துத் திடல் ஏறத்தாழ 100 மீட்டர் நீளமும் 65 மீட்டர் அகலமும் வேண்டுவது. ஒன்றரை ஏக்கருக்கும் மிகுதியான நிலம். வீட்டுக்கு இடமின்றி ஓர் அறையில் அறுவர் உறங்கும் பகுதியில், அத்துணை நிலத்தை வெறுமையாக விட்டுவைத்தல் முறையா என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. அந்நிலத்தில் வீடு கட்டினால் பல குடும்பங்கள் நிழல் பெறும் என்பதும் மெய்யே. ஆனால், ஒரு நேரத்தில் 22 பேர் ஆடும் திடலில், வைகறை முதல் இரவு வரை நூற்றுக்கணக்கானோர் மாறி மாறி ஆடுகின்றனர். சிறிய வீட்டில் வாழ்வோனுக்கே பெரிய திடல் மிகுதியும் தேவை. மாளிகைச் சிறுவனுக்கு முற்றம் உண்டு. குடிசைச் சிறுவனுக்குத் திடலே முற்றம். வீடும் வேண்டும், திடலும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறித்தல் ஏழையின் ஒரு கையில் இட்டதை மறு கையிலிருந்து எடுப்பதாகும்.

பந்தின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. விதிப்படி 410 கிராம் முதல் 450 கிராம் வரை இருத்தல் வேண்டும். அத்துணைச் சிறிய பொருளைச் சுற்றி ஓர் ஊரின் உழைப்பும் உரிமையும் மானமும் திரண்டு நிற்கின்றன. ஆங்கிலேயர் கொணர்ந்த ஆட்டம் பெரம்பூரார் ஆட்டமானது, வேலை நேரத்தைக் குறைக்கப் போராடியவராலும், திறமைக்கு வேலை தந்த தொழிற்சாலையாலும், வீதிச் சிறுவனைத் திடலுக்கும் பள்ளிக்கும் அழைத்துச் சென்ற நல்லோராலும் ஆகும். கோப்பைகள் காலத்தால் கறுக்கும். ஆலைகள் தோன்றி மறையும். ஊரார் கூடிக் காக்கும் திடல் இருக்குமளவும், ஆட்டமும் இருக்கும். அதனை ஆடும் இளைஞர்க்கு நம்பிக்கையும் இருக்கும்.