நாலு இட்லியும் ஒரு கேள்வியும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் நச்சரித்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காதல் கவிதை எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு லேத்தில் ஸ்டெப் டர்னிங் போடத்தான் தெரியும். ஆகவே என் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயத்தை அப்படியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். கத்தோலிக்கக் குடும்பங்கள் நாற்பது இருக்கும். பக்கத்து ஊரில் இருக்கும் பங்குத்தந்தை ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டு, அடுத்த ஊர்ப் பூசைக்குப் பறந்துவிடுவார். புத்தகத்தில் ‘திருப்பலி’ என்று இருந்தாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்றும் அது பூசைதான். நற்கருணை வாங்குவதை ‘நன்மை வாங்குவது’ என்போம்.

போன தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, என் ஹாஸ்டல் அறை நண்பர்கள் இரண்டு பேர் ஊருக்கு வந்து தங்கினார்கள். இருவரும் இந்துக்கள். ஞாயிறு காலையில் “நாங்களும் கோயிலுக்கு வர்றோம் மாப்ளே” என்று கிளம்பிவிட்டார்கள். வழியெல்லாம் கேள்விதான்! “நெத்தியில சாம்பல் பூசிக்கிட்டு காலேஜுக்கு வந்தியே, அது ஏதுடா?” போன வருஷம் குருத்து ஞாயிறுக்கு மந்திரித்துக் கொடுத்த குருத்தோலையை எரித்து எடுத்த சாம்பல் என்றேன். “சாமியார் ஏன் ஊதாக் கலர்ல உடுத்தியிருக்காரு?” தவக்காலத்துக்கு ஊதா, கிறிஸ்துமஸ், பாஸ்காவுக்கு வெள்ளை, பெரிய வெள்ளிக்குச் சிவப்பு, சாதாரண ஞாயிறுகளுக்குப் பச்சை என்று ஒப்பித்தேன். “நாங்களும் வரிசையில வந்து வாங்கலாமா?” ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மையும் வாங்கியவர்களுக்குத்தான் அது, நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்ட பெருமை எனக்கு!

பூசை முடிந்து திரும்பும்போது ஒருவன் கேட்டான்:

“ஏன்டா, உங்க அம்மா மட்டும் ஏன் போயி வாங்கலை?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “அது... அப்படித்தான்” என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

உண்மை என்னவென்றால், இரண்டு வருஷமாக நானும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா ஒரு ஞாயிறு தவற மாட்டாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் மூன்றாவது தூணருகே பாயில் உட்காருவாள். நன்மை நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்து போவார்கள். அவள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே இருப்பாள். கிறிஸ்துமஸுக்கும் பாஸ்காவுக்கும் நள்ளிரவுப் பூசையில் மட்டும் போய் வாங்குவாள். சரி, பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டாள் போலிருக்கிறது, ஏதோ இருந்தது தீர்ந்துவிட்டது என்று நினைப்பேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் தூணருகே உட்கார்ந்திருப்பாள்.

பெற்ற தாயைப் பற்றி மகன் என்னவெல்லாம் நினைக்கக்கூடாதோ, அதையெல்லாம் நினைத்தேன். என்ன பாவம்? யாரோடு பகை? என் ஃபீஸுக்காக வாங்கிய கடனில் ஏதாவது பொய் சொல்லிவிட்டாளோ? கேட்கப் பயம். எங்கள் வீட்டில் கேள்வி கேட்டால் ‘எதிர்த்துப் பேசுறான்’ என்று அர்த்தம். அப்பா மூட்டை தூக்குகிறவர். அம்மா களையெடுக்கப் போகிறவள், கைநாட்டு. பத்தாவதைத் தாண்டியது எங்கள் வம்சத்திலேயே நான் ஒருவன்தான். “படிக்கிற திமிரு” என்ற சொல்லை வாங்கிவிடக்கூடாது என்று பல கேள்விகளை விழுங்கியிருக்கிறேன்.

ஆனால் நம் வொர்க்‌ஷாப்பில் முதல் நாளே சொல்லித்தந்த பாடம் என்ன? “டவுட்டு இருந்தா சுவிட்சைத் தொடாதே. வந்து கேளு.” கேட்காமல் மெஷினை ஓடவிட்டால் கை போய்விடும். நான் இரண்டு வருஷமாகக் கேட்காமலே மனசுக்குள் ஒரு மெஷினை ஓடவிட்டிருக்கிறேனே!

அன்று ராத்திரி அடுப்படியில் கேட்டேவிட்டேன். “ஏம்மா, நீ ஏன் நன்மை வாங்குறதில்ல?”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “சாப்பிட்டுட்டு எப்படிடா நன்மை வாங்குறது?” என்றாள். “சுகர் மாத்திரைய வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாக. ஒருக்கா வெறும் வயித்துல போட்டுட்டு வந்து, கோயில்லயே கண்ணைக் கட்டிருச்சு. அதுலேருந்து காலையில நாலு இட்லி தின்னுட்டு மாத்திரையப் போட்டுட்டுத்தான் வர்றேன். நடுச்சாமத்துக்கு மேல பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாதுன்னு உங்க அம்மாச்சி சொல்லித்தான் வளத்தா.”

நள்ளிரவுப் பூசையின் மர்மமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு மட்டும் ராத்திரி எட்டு மணிக்கே சாப்பாடு முடிந்துவிடும் அல்லவா?

பாவமும் இல்லை, பகையும் இல்லை. நாலு இட்லி! எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

மறுநாள் கல்லூரிக்கு மட்டம். சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனேன். உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. “என்ன தம்பி?” என்று அவரே வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தார். அது 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பு. அதில் 919-ஆம் சட்டத்தை எடுத்து விளக்கினார். என் ரெக்கார்ட் நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்:

நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். அந்த ஒரு மணியும் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கு. தண்ணீரும் மருந்தும் எப்போதும் தடையில்லை. முதியோர், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு மணி நேரம்கூடக் கட்டாயமில்லை.

“உன் அம்மாச்சி சொன்னதும் பொய் இல்லை தம்பி. அவங்க புதுநன்மை வாங்கின காலத்துல அதுதான் சட்டம்” என்றார். 1953-இல்தான் தண்ணீருக்கு விலக்குக் கிடைத்ததாம். 1957-இல் அதைச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் என்று குறைத்தார்கள். 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாக்கினார். சட்டம் மாறி அறுபது வருஷமாகியும் எங்கள் வீட்டு அடுப்படிக்கு அது வந்து சேரவில்லை! “இதை நான் கோயில்ல சொல்லியிருக்கணும்” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து வாசித்துக் காட்டினேன். அம்மா நம்பவில்லை. “உன் நோட்டுல எழுதியிருந்தா ஆச்சா? சாமியார் கோயில்ல சொல்லட்டும்” என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்தான், ஆனால் ஆதாரம் கேட்கிறாள்!

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில் சாமியார் சொன்னார். யார் பேரையும் சொல்லவில்லை. ஒரு மணி நேரக் கணக்கையும், மாத்திரை போடுகிறவர்கள் பயப்பட வேண்டாம் என்பதையும் பொதுவாகச் சொன்னார். பெண்கள் பக்கம் முணுமுணுவென்று சத்தம். நன்மை நேரம் வந்தது. அம்மா ஆண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடினாள். ‘மணி என்ன?’ என்று மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். ஏழே முக்கால். இட்லி சாப்பிட்டது ஆறு மணிக்கு. போ என்று தலையசைத்தேன்.

அம்மா எழுந்தாள். எங்கள் ஊரில் நாவிலும் வாங்குவார்கள், கையிலும் வாங்குவார்கள். நான் கையில் வாங்குவேன். அம்மா கண்ணை மூடி நாவில் வாங்கினாள். திரும்பிப் பார்த்தால் அவளுக்குப் பின்னால் மூன்று பாட்டிகள் வரிசையில் நிற்கிறார்கள்! அவர்கள் எத்தனை வருஷமாக வாங்காமல் இருந்தார்களோ, யாருக்குத் தெரியும்?

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். சர்டிபிகேட் கையில் வர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. வேலை கிடைக்கிறபோது கிடைக்கட்டும். அதற்கு முன்னாலேயே இந்தப் படிப்பால் ஒரு காரியம் செய்யலாம். நம் வீட்டில் கேட்கத் தெரியாமல், கேட்கக் கூசி உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக நாம் போய் ஒரு கதவைத் தட்டலாம். என்னை உசுப்பிவிட்ட அந்த நண்பனுக்கு இந்த மலரின் வாயிலாக நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அம்மா என்னை விடுவதில்லை, தினம் ஒரு கேள்வி. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், “ஏன்டா, மாத்திரை போடுறவ ஒருசந்தி இருக்கணுமா?” என்றாள். மறுபடியும் சைக்கிள், மறுபடியும் பங்களா. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் பதினெட்டு நிறைந்தவர்களுக்கு ஒருசந்தி, அறுபதாம் வயது தொடங்கும்வரை. நோயாளிகளுக்குக் கட்டாயமில்லை என்று வந்து சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“உனக்குத்தான் பதினெட்டு ஆயிருச்சுல்ல? எனக்கும் சேத்து நீ இரு” என்றாள்.

இருந்தேன்.