தேனீயின் உயரம்

ஏப்ரல் கடைசியில் டொரன்டோவின் கிழக்கோரத்து ரூஜ் பூங்காவுக்குப் போனால் காடு மொட்டையாகத்தான் நிற்கும். மேப்பிளும் பீச்சும் இலைவிடாததால் வெயில் நேரே தரையில் இறங்கும். தரையில் பூக்கும் செடிகளுக்கு இந்தச் சில வாரங்கள்தான் கணக்கு. பூத்து, விதை பிடித்து, அடுத்த ஆண்டுக்கான உணவை மண்ணுக்கடியில் சேர்த்துவிட வேண்டும். மேலே நிழல் மூடியதும் பல செடிகள் இருந்த இடமே தெரியாது.

ட்ரௌட் லில்லியை நின்றபடி படமெடுத்தால் முதுகுதான் கிடைக்கும். தலை கவிழ்ந்து தொங்கும் மஞ்சள் பூ அது. ஆறு இதழ்களும் பின்னால் சுருண்டிருக்க, மகரந்தப் பைகள் கீழ்நோக்கி நீண்டிருக்கும். அதைப் பார்க்கக் கன்னத்தை மண்ணில் வைத்தாக வேண்டும். ஸ்பிரிங் பியூட்டி நிமிர்ந்துதான் பூக்கும். ஆனால் அகலம் ஒரு சென்டிமீட்டர் சொச்சம். அதன் இதழில் ஓடும் இளஞ்சிவப்புக் கோடுகள் பூச்சிக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டுபவை. பெரும்பாலும் இந்தப் பூவின் மகரந்தத்தையே நம்பி வாழும் காட்டுத் தேனீ ஒன்றும் உண்டு. மண்ணில் வளை தோண்டிக் குடியிருப்பது.

தாழப் படுத்தால் பின்னணி மங்கிப் பூ எடுப்பாகத் தெரியும் என்று புகைப்பட வகுப்புகளில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எனக்கு அது, விருந்தாளி நுழையும் வாசல் வழியாகவே நாமும் வீட்டைப் பார்ப்பது. இந்தப் பூக்கள் எவையும் ஐந்தரை அடி ஆளுக்காகப் பூத்தவை அல்ல.

மேக்ரோ லென்ஸில் பூவை அதன் நிஜ அளவுக்கே எடுத்தால், லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்கினாலும் ஓரிரு மில்லிமீட்டர்தான் தெளிவாக விழும். லேசான காற்று போதும், எல்லாம் போச்சு. மேகம் இருந்தால் ஒளி மென்மையாக இருக்கும்; ஸ்பிரிங் பியூட்டியோ மேகம் கவிந்தால் மூடிக்கொள்ளும். எனவே வெயிலில் அது விரியக் காத்திருந்து, பிறகு வெள்ளைக் குடை பிடித்து நிழல் தர வேண்டியிருக்கிறது. அப்படிக் கிடந்தபோது ஒரு பெரியவர் குனிந்து, “தம்பி, ஏதும் துலைச்சுப் போட்டியளோ?” என்றார். பூவைக் காட்டினேன். “உதுக்கே?” என்று சிரித்துவிட்டு நடந்தார்.

படுக்கிற இடம்தான் பெரிய கவலை. 1937 முதல் ஒன்டாரியோவின் சின்னமாக இருக்கும் வெள்ளை டிரில்லியம், விதையிலிருந்து பூக்க ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். முழங்காலுக்கடியில் நசுங்கும் ஒற்றை இலை அதன் குழந்தையாக இருக்கலாம். ஆகவே பாதையோரத்துப் பூக்களோடு நிறுத்திக்கொள்கிறேன். வீடு வந்ததும் உடம்பில் உண்ணி தேடுவது தனிச் சடங்கு.

ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்காது: சட்டகம் சுத்தமாக இருக்கப் பூவைச் சுற்றிக் ‘குப்பை’ பொறுக்குவது. ஹெபாட்டிகா என்ற பூச்செடியின் கருஞ்சிவப்பான பழைய இலையும் அந்தக் குப்பையில் போய்விடும்; அதுவோ பனிக்காலம் முழுதும் பிழைத்துக் கிடந்தது. புது இலை பூவுக்குப் பிறகுதான் வரும். பரிசு வாங்கிய படங்களில் அந்த இலையில்லாத ஹெபாட்டிகாவைக் கண்டால், யாரோ பிய்த்துவிட்டார்கள் என்றே சந்தேகப்படுகிறேன்.