மல்லிக் பஜாரில் மறுபிறவி

ஹவுராவிலிருந்து பர்தமான் போகும் லோக்கல் ரயிலில் உத்தர்பாராவைத் தாண்டியதும், கொன்னகருக்கு முன்னால் ஒரு ஸ்டேஷன் வரும். பெயர் ஹிந்த்மோட்டார். ஊரின் பெயரை ஆலைக்கு வைப்பதுதான் வழக்கம். இங்கே ஆலையின் பெயர் ஊருக்கு ஒட்டிக்கொண்டது. ஆலை போய்விட்டது, பெயர் இருக்கிறது. காலையில் இந்த ஸ்டேஷனில் முண்டியடித்து ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் அம்பாசடர் காரில் ஏறியே பல வருஷம் ஆகியிருக்கும்.

1942-இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கி, 1948-இல் ஹூக்ளிக் கரைக்கு வந்தது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அச்சாக எடுத்து, 1950-களின் கடைசியில் அது அம்பாசடர் என்று ஓடத் தொடங்கியது. பிரதமரும் அதில்தான் போனார், மாவட்ட கலெக்டரும் அதில்தான் போனார், மாப்பிள்ளை ஊர்வலமும் அதில்தான் போனது. சென்னைக் கோட்டையின் வாசலில் வரிசையாக நின்ற வெள்ளைக் கார்களும் இங்கிருந்து வந்தவைதான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது சரிவு தொடங்கியது. 2014 மே 24 அன்று வேலை நிறுத்தி வைக்கப்படுவதாக கேட்டில் அறிவிப்பு ஒட்டப்பட்டபோது ஆலையில் சுமார் 2,500 பேர் இருந்தார்கள். 2017-இல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு 80 கோடி. கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்குப் பாக்கி சம்பளக் கணக்கு.

கார்கள் மட்டும் ஆலையோடு சேர்ந்து நின்றுவிடவில்லை. அவை இன்னும் ஓடுகின்றன என்றால் அதற்கு விடை ஹிந்த்மோட்டாரில் இல்லை. ஆற்றைக் கடந்து, கொல்கத்தாவின் நடுவில் பார்க் ஸ்ட்ரீட் கடந்து போகும் ஒரு நாற்சந்தியில் இருக்கிறது.

மல்லிக் பஜார் நாற்சந்தியின் அமைப்பே விசித்திரம். ஒரு பக்கம் மைக்கேல் மதுசூதன் தத்தர் அடங்கியிருக்கும் பழைய கிறிஸ்தவக் கல்லறை. இன்னொரு பக்கம் நரம்பியல் மருத்துவமனை. இரண்டுக்கும் நடுவே சந்து சந்தாக, கார்களைக் கூறுபோட்டு விற்கும் கடைகள். கதவுகள் சட்டை மாதிரி கொக்கியில் தொங்குகின்றன. கியர் பாக்ஸ்கள் பலாப்பழம் போல நடைபாதையில் குவிந்திருக்கின்றன. ஹெட்லைட் வளையம், ஸ்டியரிங் சக்கரம், கைப்பிடி, அதற்குள் போகும் ஸ்பிரிங் என்று எதைக் கேட்டாலும் ஒரு பையன் உள்ளே ஓடிப் போய் எடுத்து வருகிறான். திருட்டு வண்டிப் பாகங்களும் இங்கே கைமாறுகின்றன என்ற பேச்சு இந்தச் சந்தையைப் பற்றி வெகு காலமாக உண்டு. விவரம் தெரிந்தவர்கள் ரசீது கேட்கிறார்கள்.

இந்தச் சந்தைக்கு அம்பாசடர் பாகங்கள் வெள்ளமாக வந்து சேர்ந்ததற்கு ஒரு நீதிமன்ற உத்தரவு காரணம். 2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், 15 ஆண்டைத் தாண்டிய வாடகை வண்டிகளும் வணிக வண்டிகளும் மாநகரப் பகுதியில் ஓடக் கூடாது என்றது. அடுத்த ஆண்டிலிருந்து மஞ்சள் டாக்சிகள் கூட்டம் கூட்டமாக உடைக்கப் போயின. ஒரு டாக்சியின் சாவு நான்கு சொந்தக் கார்களுக்கு ஆயுள் தந்தது என்று மிஸ்திரிகள் கணக்குச் சொல்வார்கள். கணக்கு கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

அப்படி ஆயுள் நீண்ட கார்களில் ஒன்று, கொன்னகரில் ஒரு வீட்டுச் சந்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்த 1996-ஆம் வருடத்து டீசல் நோவா. டல்ஹௌசியில் குமாஸ்தாவாக இருந்தவர் வாங்கிய வண்டி. அக்கம்பக்கத்து ஆபீஸ்காரர்கள் மூன்று பேரும் அவரும் டீசல் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு 20 வருடத்துக்கு மேல் அதில் வேலைக்குப் போய் வந்தார்கள். முன்சீட்டு ஒரே பெஞ்ச், கியர் ஸ்டியரிங் தண்டில். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்து இலக்க மீட்டர் பூஜ்யத்துக்குத் திரும்பியது மூன்று முறையா நான்கு முறையா என்பதில் குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேற்றுமை. கடைசியில் கேபிளும் அறுந்துவிட்டது. 2011, 2016, 2021 என்று மூன்று தரம் பதிவைப் புதுப்பித்தார்கள். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆனதும் வண்டியும் ஓய்வெடுத்தது. மூன்று மழைக்காலம் தார்ப்பாய்க்குள் போயிற்று.

எடைக்குப் போட்டால் 30,000 ரூபாய் தேறுவது கடினம். வாங்க ஆளும் வந்தார். ஆனால் மகனுக்கு சால்ட் லேக் செக்டர் ஃபைவில் இரவு ஷிஃப்ட். கடைசி லோக்கல் போன பிறகு வேலை முடியும். வாடகைக் கார் செலவு சம்பளத்தைத் தின்றது. புதுக் காருக்குத் தவணை கட்டினால் மிச்சத்தையும் தின்னும். நின்ற டீசலை எழுப்புவது என்று வீட்டில் முடிவாயிற்று. அப்பாவுக்குச் சந்தோஷம், அம்மாவுக்கு இல்லை.

அம்மாவின் சந்தேகம் நியாயமானது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 ஆண்டைத் தாண்டிய எல்லா வண்டிகளையும், சொந்தக் கார் உட்பட, ஆறு மாதத்தில் விலக்கச் சொன்னது. ஆறு மாதம் போயிற்று, பழைய கார்கள் முற்றிலும் போகவில்லை. கொன்னகர் ஹூக்ளி மாவட்டம்; ஆனால் வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம். போதாததற்கு 2022-இல் 5,000 ரூபாயாக உயர்ந்த மறுபதிவுக் கட்டணம், 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ரூபாய் ஆனது. ஒன்றரை லட்சம் போட்டுத் தூக்கி நிறுத்திய பிறகு ஒரு காகிதம் வந்து படுக்க வைத்துவிட்டால்?

மல்லிக் பஜாரின் கிழட்டு மிஸ்திரி, உஸ்தாத் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுகிறார்கள், இந்தக் கேள்விக்குள் போகவில்லை. லாரியில் கட்டி இழுத்து வந்த வண்டியின் பானெட்டைத் திறந்தார். சாவியைத் தொடவே இல்லை. நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் என்ஜின் ஆயில் ஊற்றி, இரவு முழுக்க ஊறவிட்டார். மறுநாள் கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினார். சுற்றியது. 'அபி ஜிந்தா ஹை' என்றார். இன்னும் உயிர் இருக்கிறது.

நெடுநாள் நின்ற டீசலில் ஆர்வக் கோளாறால் செல்ஃப் அடிப்பவர்கள் என்ஜினைக் கொல்கிறார்கள். உருளைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால், பெட்ரோல் வண்டியை விட டீசலில் ஆபத்து அதிகம். அம்பாசடரின் ஒன்றரை லிட்டர் டீசலில் காற்று சுமார் 23-இல் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. அந்த இடுக்கில் தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். இந்த என்ஜினும் பிரிட்டிஷ் வழி வந்ததே. அங்கே சிறு படகுகளில்கூட ஓடியது. 37 குதிரைசக்தி. ஒரு டன்னுக்கு மேல் கனமுள்ள காருக்கு அது போதும் என்று 1980 வாக்கில் எப்படித் துணிந்தார்களோ, ஆனால் டீசல் விலைக்காக இந்தியா அதை வாரிக்கொண்டது.

முதலில் டாங்க். இறக்கிக் கவிழ்த்தபோது டீசலுக்குப் பதில் கருப்புக் கூழும் துருத் தண்ணீரும் வந்தன. டாங்கைக் கழுவி, பைப் லைன் முழுவதையும் ஊதி, ஃபில்டர்களை மாற்றி, கைப் பம்ப் அடித்து ஏர் எடுத்தார்கள். அதற்குப் பின்தான் என்ஜின் கிளம்பியது. நாற்சந்தியே இருமும் அளவுக்கு முதலில் வெள்ளைப் புகை, சூடானதும் நீலம், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கருப்பு. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வெளியேறுகிறது: ஹீட்டர் பிளக் செத்திருக்கும் அல்லது கம்ப்ரஷன் இல்லை. நீலம் என்றால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கருப்பு என்றால் காற்றுக்குத் தகாத டீசல். மூன்று வியாதியும் ஒரே உடம்பில். கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்ததில் மூன்றாவது உருளை கிட்டத்தட்ட இல்லை.

என்ஜின் இறங்கியது. லேத்தில் கிராங்கைச் சாணை பிடித்து அடுத்த சைஸ் பேரிங், புது ஸ்லீவ், பிஸ்டன், ரிங். ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதில் உஸ்தாத் அரை நாள் செலவழித்தார். எரியும் அறை ஹெட்டுக்குள்ளேயே அமைந்த இந்த ஜாதி என்ஜினில் வாயில்களுக்கு இடையே விரிசல் விழும். அதைக் கவனிக்காமல் மூடினால் ஆறே மாதத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். டீசல் பம்ப் தனியாக ஒரு பட்டறைக்குப் போனது. அங்கே தெரிந்தது கருப்புப் புகையின் கதை: வேகம் கூட வேண்டும் என்று யாரோ எப்போதோ சீலை உடைத்து, டீசலின் அளவைக் கூட்டித் திருகி வைத்திருக்கிறார்கள். நாட்டில் கரும்புகை கக்கும் பழைய டீசல் வண்டிகளில் எத்தனைக்கு வயது காரணம், எத்தனைக்கு இந்த ஒரு திருகு காரணம் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது மேம்பாடு. இங்கே எல்லோருக்கும் ஒரு யோசனை இருந்தது. இசுசு வழி வந்த இரண்டு லிட்டர் டீசலையும் ஐந்து கியர் பாக்ஸையும் மாட்டிவிடலாம் என்றார் பக்கத்துக் கடைக்காரர். அவரிடம் ஒன்று விலைக்கு இருந்தது. என்ஜினை மாற்றினால் பதிவு அதிகாரியின் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 1996-ஆம் வருடத்துப் புத்தகத்தை இந்த நேரத்தில் அங்கே நீட்ட குடும்பத்துக்குத் தைரியம் இல்லை. ஏ.சி. வேண்டும் என்றான் மகன். 37 குதிரையில் ஐந்தாறை ஏ.சி.க்குக் கொடுத்துவிட்டால் பாலி பாலத்தின் ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும் என்று உஸ்தாத் மறுத்தார்.

அவர் வற்புறுத்தியது பிரேக்குக்கு. பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி, இசுசு என்ஜின் மாடல்களில் வந்த முன்சக்கர டிஸ்க்கும் பூஸ்டரும் போட்டார். பூஸ்டருக்கு உறிஞ்சும் காற்றழுத்தம் வேண்டும். பெட்ரோல் காரில் என்ஜினே தருவதை டீசலில் நம்ப முடியாது. ஆகவே வேக்குவம் பம்ப் சேர்ந்த ஆல்டர்னேட்டர் ஒன்றும் தேடிப் பிடிக்கப்பட்டது. ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்துப் புது ஒயரிங். பழைய ஒயரை எலி பாதி தின்றிருந்தது. ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் தில்லி காஷ்மீரி கேட்டிலிருந்து வரும் நகல் சரக்கு. இரண்டு வருடம் தாங்கினால் அதிர்ஷ்டம்.

தகரம்தான் பணத்தைத் தின்றது. அம்பாசடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். கால் வைக்கும் தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, பின்பட்டை மாட்டும் இடம் மூன்றும் அரித்துப்போயிருந்தன. மேலே பட்டி தடவிப் பெயிண்ட் அடித்தால் பளபளக்கும், பள்ளத்தில் விழுந்தால் பிளக்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய மூன்று வாரம். பெயிண்டுக்கு ஒதுக்கிய பணம் இதில் கரைந்தது. வண்டி இன்னும் பாதி பிரைமர் நிறத்தில்தான் ஓடுகிறது.

புகைச் சோதனையில், இந்தத் தலைமுறை டீசலுக்கு அனுமதி 65 ஹார்ட்ரிஜ் அலகு. வண்டி அதற்குள் வசதியாக அடங்கியது. உஸ்தாத் முகத்தில் பெருமை. ஆனால் புகைமானி அளப்பது கண்ணுக்குத் தெரியும் கருமையை. நுரையீரலில் போய் உட்காரும் மிக நுண்ணிய துகளைப் பிடிக்க இந்த என்ஜினில் வடிகட்டி கிடையாது. எந்த மிஸ்திரியாலும் அதைக் கொண்டுவர முடியாது. குளிர்கால இரவில் கொல்கத்தாவில் மூச்சு வாங்குகிறவர்கள் நீதிமன்றத்துக்குப் போனதில் தப்பில்லை. இன்னும் பத்து வருடம் ஓடக்கூடிய ஒரு டன் இரும்பை உருக்கி, இன்னொரு டன்னை வார்ப்பதிலும் புகை உண்டு என்பது மல்லிக் பஜாரின் வாதம். ஊருக்கு வெளியே எரியும் புகையை ஊருக்குள் இருப்பவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சந்தையின் வாதத்தில் சுயநலமும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது.

இப்போது வண்டி இரவு ஒன்றரை மணிக்கு செக்டர் ஃபைவிலிருந்து புறப்படுகிறது. வி.ஐ.பி. ரோடு, பெல்கரியா எக்ஸ்பிரஸ்வே, தக்ஷிணேஸ்வர், ஆறு. 60-க்கு மேல் போகக் கூடாது என்பது உஸ்தாத் கட்டளை. முதல் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கியாயிற்று. பழைய ஏற்பாடும் திரும்பிவிட்டது: அதே ஷிஃப்டில் வேலை செய்யும் இரண்டு பேர், பாலியில் ஒருவர், உத்தர்பாராவில் ஒருவர், டீசலுக்குப் பங்கு தருகிறார்கள். மறுபதிவுக்கு எனப் பத்தாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள் அம்மா. பின்பக்க இடது கதவு மட்டும் உள்ளிருந்து திறப்பதில்லை. அதற்கான கொக்கி பூஜைக்கு அப்புறம் கிடைக்கும் என்று மல்லிக் பஜாரில் சொல்லியிருக்கிறார்கள்.