‘போயிட்டு வர்றேன்’ சொன்னா அழுவா... சொல்லாமப் போனா?

வீட்டை விட்டுக் கிளம்பும்போது நம் ஊரில் யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டால், ‘போயிட்டு வர்றேன்னு சொல்லு’ என்று உடனே திருத்த எல்லா வீட்டிலும் ஒரு பெரிசு இருக்கும். திரும்பி வருவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இங்கே அது விடைபெறுதல்.

ஆனால், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால் கதையே வேறு. அந்த வார்த்தையை வாயில் எடுக்கவே எல்லோருக்கும் பயம். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பூனை மாதிரி நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஓடுவதுதான் வழக்கம்.

சென்னை குரோம்பேட்டையில், இரண்டாவது மாடியில் இருக்கும் ஒரு வீட்டிலும் இதுதான் நடந்தது. அம்மாவுக்குக் கிண்டியில் வேலை. காலை எட்டரை மணிக்குள் மின்சார ரயிலைப் பிடித்தாக வேண்டும். அப்பாவும் வேலைக்குப் போகிறவர். பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கும் ஆச்சி. குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம். வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘பாப்பா’. அவளும் தன்னைப் பாப்பா என்றுதான் சொல்லிக்கொள்வாள். ‘நான்’ என்ற சொல் இன்னும் அவள் வாயில் நுழையவில்லை.

காக்கா பாரு... காக்கா பாரு!

தினமும் காலையில் அம்மாவை வெளியே அனுப்பும் ஆபரேஷனுக்கு ஆச்சிதான் தலைமை. பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவார். “அந்தா பாரு, காக்கா!” என்று ஒரு கையால் காட்டுவார். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் மகளுக்கு சிக்னல் கொடுக்கும். “கண்ணுல படாம கெளம்பிருட்டி.” அடுத்த நிமிடம் அம்மா மாடிப்படியில் இருப்பாள்.

ஒரு வாரம் ஓடியது. எட்டாவது நாள், காக்காவைப் பார்த்துக்கொண்டிருந்த பாப்பாவின் காதில் ‘டக்’கென்று தாழ்ப்பாள் சத்தம் விழுந்துவிட்டது. அன்றோடு காக்காவுக்கும் அவளுக்கும் பகை. யாராவது ‘கா’ என்று ஆரம்பித்தாலே போதும், ஓடிப்போய் வாசல் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் நிஜமாகவே ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. ஆச்சி எந்த உள்நோக்கமும் இல்லாமல் “காக்கா வந்திருக்கு பாரு” என்றார். பாப்பா அலறியடித்து ஓடி, அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். அம்மா அப்போது நைட்டியில், கையெல்லாம் மாவோடு சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கட்டம், பொருள்கள் காணாமல் போவது. ஒரு நாள் கைப்பை கட்டிலுக்கு அடியில். இன்னொரு நாள் ஒற்றைச் செருப்பு வாஷிங் மெஷினுக்குள். ஐ.டி கார்டு மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அலுவலக வாசலில் அம்மா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் உலைக்கு அரிசி அளக்கும்போது, ஆச்சியின் படியில் அம்மாவின் போட்டோ சிரித்தது.

வீடே சிரித்தது. அப்போதுதான் ஆச்சி இன்னொன்றையும் சொன்னார்.

ஆச்சிக்கும் பாப்பாவுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஆச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு “ஆச்சியக் காணோம்” என்பார். பாப்பா முந்தானையை இழுத்து “இதோ!” என்று கத்துவாள். ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது நடக்கும்.

“நீ போனப்பொறவு அதே மாதிரிதான் தேடுதா. ஜன்னல் தெரைய இழுத்து ‘இதோ’ங்கா. கதவுக்குப் பின்னால போயி ‘இதோ’ங்கா. பீரோவத் தெறக்கச் சொல்லி ‘இதோ’ங்கா.”

ஆச்சி வேடிக்கையாகத்தான் சொன்னார். அம்மாவால் சிரிக்க முடியவில்லை. பாப்பாவின் அழுகை குறைந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில், அது அவள் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் வீடு திரும்பினாலும் அம்மாவால் தனியாகக் குளியலறைக்குக்கூடப் போக முடியாது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து பாப்பா தட்டிக்கொண்டே இருப்பாள். இரவு இரண்டு மணிக்கு விழித்து, பக்கத்தில் அம்மா இருக்கிறாளா என்று தடவிப் பார்ப்பாள். அம்மா எந்த நிமிடமும் சொல்லாமல் மறையக்கூடியவள் என்றால், கண்ணை எப்படி மூடுவது?

அழுகைக்குப் பின்னால்...

கண்ணில் படாத ஒன்றும் எங்கோ இருக்கிறது என்பதைக் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றுக்கொள்கிறது. தன் மூன்று குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து இதைப் பற்றி எழுதியவர், சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. துணியால் மூடிய பொம்மையைக் குழந்தை தேடி எடுப்பது ஏறக்குறைய 8 மாதத்தில் என்றார் அவர். அம்மா எழுந்து போனால் அழுவதும் அந்த வயதையொட்டித்தான் ஆரம்பிக்கிறது. அம்மா எங்கோ இருக்கிறாள் என்று தெரிகிறது. எப்போது வருவாள் என்றுதான் தெரியவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று வயதையொட்டி இது தணிந்துவிடும்.

இந்தியாவில் மகப்பேறு சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது. பிரசவத்துக்கு முன்பே அதில் 8 வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டால், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போதே பல அம்மாக்களுக்கு விடுப்பு தீர்ந்துவிடுகிறது. பிரிவு என்றால் என்ன என்று குழந்தைக்குப் புரிய ஆரம்பிக்கும்போது, அம்மா ஏற்கெனவே ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருக்கிறாள்.

தாய்-சேய்ப் பிணைப்பைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வர்த், ஒரு சோதனை நடத்தினார். அம்மா அறையை விட்டு வெளியே போவார், சில நிமிடங்களில் திரும்பி வருவார். போகும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதைத்தான் அவர் முக்கியமாகக் கவனித்தார். ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, மறுபடி விளையாடப் போகும் குழந்தைக்கு அம்மா மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

கார்டுக்குக் காவல்

குரோம்பேட்டை அம்மாவுக்கு யோசனை கிடைத்தது அப்பாவிடமிருந்து. அப்பா கிளம்பும்போது பாப்பா அழுததே இல்லை. காரணம், அவர் தினமும் பைக்கில் தெருமுனை வரை ஒரு ரவுண்டு கூட்டிப்போய், இறக்கிவிட்டு, டாட்டா சொல்லிவிட்டுத்தான் போவார். ரவுண்டு முடிந்தால் அப்பா போவார், இருட்டினால் வருவார். இது பாப்பாவுக்குத் தெரிந்த கணக்கு.

மறுநாள் அம்மா ஒளியவில்லை. பாப்பாவின் முன்னால் உட்கார்ந்து, ஐ.டி கார்டை அவள் கையில் கொடுத்தாள். “பாப்பாதான் அம்மாவுக்கு மாட்டிவிடணும்.” பாப்பா மாட்டிவிட்டாள். “அம்மா போயிட்டு வர்றேன்” என்றதும் வீறிட்டாள். இரண்டாவது மாடியின் அழுகை தெருவரைக்கும் கேட்டது.

ஆச்சிக்குக் கோபம். “பச்சப்புள்ளைய அழவிட்டுட்டுத்தான் போகணுமாக்கும்?”

இரண்டாம் நாளும் அழுகை. மூன்றாம் நாளும் அழுகை. குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் நின்று அம்மாவும் அழுதாள். இரண்டாவது வாரத்தில், ரயிலில் இருந்து போன் செய்து “அழுதாளாம்மா?” என்று கேட்டபோது, ஆச்சி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “நீ படி எறங்குத வரைக்கும் அழுதா. பொறவு காக்கா பாக்கப் போயிட்டா.”

ஐ.டி கார்டு அதற்கப்புறம் காணாமல் போகவில்லை. திருடியவளையே காவலுக்கு வைத்தாயிற்று.

அடுத்த சிக்கல், ‘எப்ப வருவ?’ பாப்பாவுக்கு நேற்று, நாளை எல்லாம் ஒன்றுதான். “நேத்து பார்க்குக்குப் போலாம்” என்பாள். ‘சாயங்காலம்’ என்று சொன்னால் புரியாது. அதனால் அம்மா, “மம்மு சாப்பிட்டு, தூங்கி எழுந்து, பால் குடிச்சா அம்மா வந்துருவேன்” என்று சொல்லிப் பழக்கினாள். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டு முடித்ததும், பாப்பா தரையில் படுத்துக் கண்ணை இறுக்கி மூடினாள். பத்து விநாடியில் எழுந்து உட்கார்ந்தாள். “தூங்கியாச்சு. பால் குடு.”

ஆச்சியின் முறை

போன மாதம் ஊரில் கோயில் கொடை. ஆச்சி நான்கு நாள் போய்விட்டு வரவேண்டும். தாம்பரத்தில் இரவு ரயில். ஆச்சி போட்ட திட்டம் பழைய திட்டம்தான். பாப்பா தூங்கியதும் கிளம்பிவிடுவது.

“நீயே சொல்லிட்டுப் போம்மா” என்றாள் மகள்.

ஆச்சி பகல் முழுக்கத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். சாயங்காலம் அடுப்படியில் மெதுவாகச் சொன்னார். “அவ அழுதா நா அழுதுருவேன்ட்டி. அதாம் ஒளிஞ்சு போறேன்.”

குழந்தை அழக் கூடாது என்று ஒளிவதாகத்தான் எல்லோரும் சொல்கிறோம். ஆச்சி மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

கடைசியில் அவர் ஒரு சின்ன டப்பாவில், தான் சுட்ட முறுக்கில் நான்கை எடுத்துப் போட்டு பாப்பாவின் கையில் கொடுத்தார். “ஆச்சி ஊருக்குப் போயிட்டு வாரேன். தெனம் ஒண்ணு தின்னு. முறுக்கு தீந்தா ஆச்சி வந்துருவேன்.” பாப்பா அழுதாள். ஆச்சியும் அழுதார். ஆட்டோ கிளம்பியது.

அன்று ராத்திரியே பாப்பா நான்கு முறுக்கையும் தின்று தீர்த்தாள். காலி டப்பாவோடு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். “தீந்துடுச்சு. ஆச்சி வா.”

அப்பா அரக்கப்பரக்கக் கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கி வந்து டப்பாவை நிரப்பினார். பாப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “இது ஆச்சி இல்ல.”

செய்தி அம்பாசமுத்திரத்துக்குப் போனது. “டப்பாவ மேல வைக்காம என்னட்டி செஞ்சீங்க?” என்று திட்டிவிட்டு, ஆச்சி வெகுநேரம் சிரித்தார்.

நான்கு நாள் கழித்து, காலையில் ஆச்சி வந்து இறங்கினார். பாப்பா ஓடி வரவில்லை. அம்மாவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆச்சி பையைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, பாப்பா போய் முந்தானையை இழுத்தாள்.

“இதோ!”

ஆச்சியின் மடியில் பத்து நிமிடம் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து விளையாடப் போய்விட்டாள். ஆச்சியின் செருப்புதான் அன்று முழுக்கக் கிடைக்கவில்லை. மறுநாள் வாஷிங் மெஷினைத் திறந்தபோது, இரண்டும் ஜோடியாக உள்ளே இருந்தன.