பாணுக்குள் ஒரு வரலாறு

தென்னாபிரிக்காவின் டேர்பன் மாநகருக்குச் செல்வோர் அதன் அழகிய கடற்கரையைக் கண்டு களித்த அளவிலே திரும்பிவிடலாகாது. நகரின் நடுவே பழைய கிரே வீதி உண்டு. இன்று அதற்கு டாக்டர் யூசுப் தாதூ வீதி என்று பெயர். துணிக்கடைகளும் பள்ளிவாசலும் சரக்குக் கடைகளும் நிறைந்த அவ்வட்டாரத்திலே கறி மணம் கமழும்போது, நம்மூர்க் கடைத்தெருவினுட் புகுந்துவிட்டோமோ என்ற மயக்கம் உண்டாகும்.

அதில் வியப்பில்லை. சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' என்னும் கப்பல், 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி முதலாவது ஒப்பந்தத் தொழிலாளரை இத்துறைமுகத்தில் இறக்கியது. கரும்புத் தோட்டங்களில் உழைக்க வந்த அவர்களுட் பலர் தமிழர்.

இங்குள்ள சாப்பாட்டுக் கடைகளிலே 'பனி சௌ' என்றோர் உணவு கிடைக்கும். கால் பாணையோ அரைப் பாணையோ குடைந்து, அதனுள் அவரைக் கறியையோ ஆட்டிறைச்சிக் கறியையோ வார்த்து, குடைந்தெடுத்த துண்டை மேலே வைத்துத் தருவர். தட்டுமில்லை, கரண்டியுமில்லை. வணிகரைக் குறிக்கும் 'பனியா' என்ற சொல்லே 'பனி' ஆயிற்று என்பர் பலர்.

தட்டு ஏன் இல்லை? தோட்டத்துக்குக் கொண்டுசெல்ல வசதியாக இவ்வாறு செய்தனர் என்பர் சிலர். கடையினுள் அமர அனுமதியற்ற ஆபிரிக்கத் தொழிலாளருக்குப் பின்வாசலிலே விற்றனர், பாணே பாத்திரமாயிற்று என்பர் வேறு சிலர்.

எக்கதை மெய்யாயினும் பின்வாசல் மெய்யே. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம், பிரிக்கப்பட்டவை சமமாயிருக்க வேண்டியதில்லை என்றும் விதித்தது. வெள்ளையரின் போசனசாலைகளில் இந்தியருக்கு இடமில்லை. இந்தியர் கடைகளில் ஆபிரிக்கருக்கு ஆசனமில்லை. ஒரு வாசலில் தடுக்கப்பட்டவரே மற்றொரு வாசலில் பிறரைத் தடுத்து நின்ற கொடுமையை என்னென்பது!

அச்சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. இன்று எவ்வினத்தவரும் ஒரே மேசையிலமர்ந்து கையாலே பிய்த்து உண்ணலாம். எனினும், 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பிரிவினைச் சட்டம் இந்தியரைச் சற்ஸ்வேர்த்திலும் ஆபிரிக்கரை உம்லாசியிலும் ஒதுக்கிவைத்தது. சட்டத்தை ஒருநாளில் நீக்கலாம். வீடுகளை ஒருநாளில் இடம் மாற்றலாகுமா? மக்கள் தம் வீட்டுக்கு அண்மையிலேயே பெரும்பாலும் உண்கின்றனர். ஆதலின் பழைய கோடு இன்னும் முற்றாக அழிந்திலது.

டேர்பனுக்குச் செல்லும் அன்பர்களே, அந்தப் பாணைச் சுவையுங்கள். சுவைக்கும்போது, அதனைக் கையிலேந்தி வெளியே நின்று உண்டவர்களையும் ஒரு கணம் நினையுங்கள்.