200, நூறை விடச் சின்னதா?

செமஸ்டர் லீவுக்கு வடக்கனந்தல் வந்து நாலு நாளாச்சு. கோமுகி அணைக்குப் போகலாம் என்று தம்பி கூப்பிட்டும் போகாமல், நான் எழுதிய லைப்ரரியிலிருந்து ஒரே ஒரு குறியை நீக்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கதைதான் இது.

8085 நமக்கெல்லாம் தெரிந்ததுதான். லேபில் கிட் முன்னால் உட்கார்ந்து எண்களைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்திருக்கிறோமே! இன்டெல் அதை வெளியிட்டது 1976-இல். அதே ஆண்டு ஐபிஎம்மில் இருந்த ஜேம்ஸ் கிங் ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராமுக்கு 5, 7 என்று எண் கொடுக்காமல் அல்ஜீப்ரா மாதிரி 'எக்ஸ்' என்று கொடுத்து ஓட்டுவது பற்றி. வழி பிரியும் இடமெல்லாம் நிபந்தனையைக் குறித்துக்கொண்டே போய், "இந்த இடத்துக்கு வர எக்ஸ் என்னவாக இருக்கணும்?" என்று கேட்கலாம். 8085-க்கு அப்படி ஒரு சிமுலேட்டரைப் பைத்தானில் எழுதினேன். விடை தேடும் வேலை மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் இசட்3 உடையது.

ஒரு ஜூனியர் அதை எடுத்துப் பார்த்தான். அவன் புரோகிராமில் சிபிஐ (புலனாய்வு இல்லீங்க, ஒப்பிடும் கட்டளை!) அக்யுமுலேட்டரை 100 உடன் ஒப்பிடும். சின்னதாக இருந்தால் ஜேசி தாவிவிடும், இல்லாவிட்டால் பிழை. "நூறுக்குக் கீழே உள்ள எண் எதுவாவது பிழைக்குப் போகுமா?" என்று கேட்டிருக்கிறான். இல்லை என்று வரணும். என் லைப்ரரி சொன்னது: 200.

"அண்ணா, 200 நூறை விடச் சின்னதா?"

சிப் பக்கம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். ஆனால் கேள்வி கேட்பதற்கு இசட்3-இன் '<' குறியை அப்படியே விட்டிருந்தேன். பைத்தானில் அது எண்ணைக் குறியுள்ளதாக, அதாவது மைனஸும் உண்டு என்று எடுத்துக்கொள்ளும். 8 பிட்டில் 200 என்பது அதற்கு -56. ஆங்கர் என்ற லைப்ரரியில் இதே '<' மைனஸ் இல்லாததாக எடுத்துக்கொள்ளும். ஒரே குறி, இரண்டு அர்த்தம்!

"உதவிக் குறிப்பில் எழுதியிருக்கேனே, படிக்கலையா?" என்றேன். "படிக்காதவனுக்கெல்லாம் தப்பான விடைதானா அண்ணா?" என்றான். பதில் இல்லை என்னிடம்.

வீட்டில் அப்பாவிடம் யாராவது "நெல் மூட்டை என்ன விலை?" என்றால் உடனே சொல்ல மாட்டார். "எத்தனை கிலோ மூட்டை?" என்று திருப்பிக் கேட்பார். 75 கிலோ மூட்டையும் உண்டு, 40 கிலோ மூட்டையும் உண்டு. என் லைப்ரரிக்கு அந்தப் புத்தி இல்லை.

'<' அர்த்தத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பழைய புரோகிராம்கள் சத்தமே இல்லாமல் வேறு விடை தரும். அதனால் அந்தக் குறியையே எடுத்துவிட்டேன். இனி '<' போட்டால் நின்றுவிடும், "குறியுள்ளதா, குறியில்லாததா?" என்று கேட்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்.

மாற்றியதும் என்னுடைய பழைய சோதனைகளிலேயே 11 நின்றுபோயின. சரிபார்த்தால் அதில் இரண்டு இத்தனை நாளும் தப்பான விடை தந்தவை. ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கையெழுத்தும் வாங்கியாச்சு :(

காலேஜ் திறந்ததும் சாரிடம் போய்ச் சொல்லணும். அதுவரை, இதை இறக்கிவைத்திருக்கும் நண்பர்கள் புதுசை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புரோகிராம் நின்றால் என்னைத் திட்டுங்கள். ஆனால் நின்ற இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திட்டுங்கள் :)