ரிட்டயர் ஆன அப்பா அம்மாவை ஒருமுறை படவிழாவுக்கு அனுப்பிப் பாருங்க

டிசம்பர்ல திருவனந்தபுரம் போனவங்க பார்த்திருப்பீங்க. காலையிலேயே கைரளி தியேட்டர் வாசல்ல நீளமா வரிசை நிக்கும். மோகன்லால் படத்துக்கு இல்லைங்க. நடிகர் பேர்கூடத் தெரியாத ஏதோ ஒரு ஈரான் படத்துக்கு.

அதுதான் கேரள சர்வதேசத் திரைப்பட விழா. 1996-ல கோழிக்கோட்டில் ஆரம்பிச்சது. இப்போ கேரள அரசின் சலச்சித்திர அகாடமி நடத்துது. ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு படம் பார்க்கிறவங்க உண்டு. சீட் இல்லைன்னா படிக்கட்டுல உக்காந்துடுவாங்க. பிடிச்ச படத்துக்கு ஓட்டுப் போட்டுப் பரிசு கொடுக்கிற உரிமையும் பார்வையாளர்களுக்கு இருக்கு. தென்கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013-ல வந்தப்போ, சூப்பர் ஸ்டாரைப் பார்த்த மாதிரி மொய்ச்சுட்டாங்க.

இந்த ரசனை ஒரே நாள்ல வந்தது இல்லை. 1965-லேயே அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் அங்கே சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கிட்டாங்க.

நாகர்கோவில்ல இருந்து ரெண்டு மணி நேரம்தான். அதனால முடிஞ்ச வருஷம் நானும் போவேன்.

அங்கே என் கண்ணுல முதல்ல படுறது நரைச்ச தலைகள்தான். 65, 70 வயசுக்காரங்க. தோள்ல துணிப்பை, கையில பேனாவால டிக் அடிச்ச அட்டவணை. படம் முடிஞ்சா டீக்கடையில காலேஜ் பசங்களோட வாக்குவாதம். பேரன் வயசுப் பையன் "அது அப்படி இல்லை சார்"னு எதிர்த்துப் பேசுவான். இவருக்கு அதுல ஒரு சந்தோஷம்.

இதே வயசுக்காரங்க என் கிளினிக்குக்கும் வர்றாங்க. "தூக்கம் இல்லை டாக்டர், பசி இல்லை, எதிலயும் பிடிப்பு இல்லை." டெஸ்ட் எல்லாம் நார்மல். "கடைசியா எப்போ வெளியே போனீங்க?"ன்னு கேட்டா, "பேங்குக்குப் போனேன்"னு சொல்வாங்க. அது போன மாசமா இருக்கும்.

இங்கிலாந்துல 50 வயசைத் தாண்டின 2,148 பேரை 10 வருஷம் கவனிச்சு ஒரு ஆய்வு செஞ்சாங்க. சினிமா, நாடகம், கண்காட்சின்னு மாசத்துக்கு ஒரு தடவையாவது போறவங்களுக்கு, போகவே போகாதவங்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 48% குறைவா இருந்துச்சு.

அவசரப்பட வேண்டாம். சினிமாதான் காரணம்னு இது நிரூபிக்கலை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க அதை நிறுத்திட்டு தியேட்டருக்குப் போகாதீங்க! ஆனா குளிச்சு, நல்ல சட்டை போட்டு, பஸ் ஏறி, நாலு பேர்கிட்ட பேசறதுக்கு ஒரு காரணம் கிடைக்குதே, அதை எந்த மருந்துக்கடையிலயும் வாங்க முடியாது.

போறவங்களுக்குச் சில விஷயங்கள்:

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க அடுத்த படத்துக்கு இடம் பிடிக்கணும்னு மதியச் சாப்பாட்டைத் தவிர்க்காதீங்க. லோ சுகர் ஆகிடும். பையில கடலை மிட்டாய் இருக்கட்டும்.

ஒவ்வொரு படத்துக்கு நடுவுலயும் அஞ்சு நிமிஷம் நடங்க. கால் வீங்காது.

பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க.

ஒரு நாளைக்கு ரெண்டு படம் போதும்.

சென்னைக்காரங்களுக்கும் டிசம்பர்ல சர்வதேசப் படவிழா நடக்குது. "உலக சினிமா எல்லாம் நமக்குப் புரியாதுப்பா"ன்னு வீட்டுல சொன்னாங்கன்னா விட்டுடாதீங்க. முதல் படத்துக்கு நீங்களும் கூடப் போங்க. அடுத்ததுக்கு அவங்களே கிளம்பிடுவாங்க.